395 இன்ஜினியரிங் சீட்டும் முதல் சட்டத்திருத்தமும்

கவுன்சலிங் சமயத்தில் நம்மில் பெரும்பாலானோர் கையில் இரண்டு எண்கள் இருந்திருக்கும். ஒன்று பொது ரேங்க், இன்னொன்று கம்யூனிட்டி ரேங்க். அந்த இரண்டாவது எண்ணை வைத்து ஹாஸ்டலில் சண்டை போடாத பேட்ச் எதுவும் இருக்காது. அது சரியா, தப்பா என்று விடிய விடிய பேசுவோம். ஆனா அது எந்தச் சட்டத்தின் மேல நிக்குதுன்னு யாராவது கேட்டா, டக்குனு பதில் வராது.

அது நிற்பது இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தத்தின் மேல். ஆண்டு 1951. அந்தத் திருத்தம் வரக் காரணமான வழக்குகளில் ஒன்றைப் போட்டவர், கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் சீட் கேட்ட ஒரு மாணவர். அதாவது, அரசியலமைப்புச் சட்டத்தை முதன்முதலில் திருத்த வைத்த சண்டையில் ஒரு பாதி, நம்ம ஊர் இன்ஜினியரிங் சீட்டுக்கான சண்டை.

இந்தக் கட்டுரை இட ஒதுக்கீடு சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அதற்கு அடியில் இருக்கும் ஒரு கேள்வியைப் பார்க்கப் போகிறோம். திருத்தம் என்ற ஒன்றால் நாடாளுமன்றம் நமக்கு ஓர் உரிமையைக் கொடுக்க முடியும் என்றால், அதே வழியில் ஓர் உரிமையை எடுத்துக்கொள்ளவும் முடியுமா? எடுத்தால் யார் தடுப்பார்கள்?

14 சீட்டுக்கு ஒரு கணக்கு

சென்னை மாகாணத்தில் மக்கள்தொகையில் சிறு பகுதியாக இருந்த ஒரு சமூகத்தினரிடமே கல்லூரி இடங்களிலும் அரசு வேலைகளிலும் பெரும் பங்கு இருந்தது. அதை மாற்ற நீதிக்கட்சிக் காலத்தில் தொடங்கிய முயற்சிகளின் தொடர்ச்சியாக வந்ததுதான் கம்யூனல் ஜி.ஓ. என்று எல்லோரும் சொல்லும் வகுப்புவாரி அரசாணை. 1950 வாக்கில் அதன்படி கல்லூரிச் சேர்க்கை இப்படி நடந்தது: ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அன்றைய அரசாணையின் சொல்லில் ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1.

அப்போது மாகாணம் முழுக்க அரசு இன்ஜினியரிங் கல்லூரிகள் 4. மொத்த இடம் 395. ஆமாம், முந்நூற்றுத் தொண்ணூற்று ஐந்துதான். இன்னைக்கு ஒரு பெரிய காலேஜே ஒரே வருஷத்தில் அதைவிட அதிகமான பேரைச் சேர்க்கிறது.

1950 ஜனவரி 26-ல் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சில மாதங்களிலேயே இரண்டு பேர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒருவர் செண்பகம் துரைராஜன். மருத்துவக் கல்லூரி இடம் தொடர்பான வழக்கு. இன்னொருவர் சீனிவாசன், கிண்டியில் இன்ஜினியரிங் சேர விண்ணப்பித்தவர். இன்டர்மீடியட்டில் கணிதம், இயற்பியல், வேதியியல் பிரிவில் 450-க்கு 369. மார்க் மட்டும் பார்த்திருந்தால் எனக்கு சீட் கிடைத்திருக்கும், என் சாதியைப் பார்த்ததால்தான் கிடைக்கவில்லை என்பது அவர் வாதம்.

உயர் நீதிமன்றம் அரசாணை செல்லாது என்றது. அரசு மேல்முறையீடு செய்தது. 1951 ஏப்ரல் 9-ல் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகளும் அதையே சொன்னார்கள். அவர்கள் காட்டிய காரணம் நேரடியானது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் கல்வி நிறுவனத்தில் மதம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்து எந்தக் குடிமகனுக்கும் இடம் மறுக்கக் கூடாது என்கிறது பிரிவு 29(2). அரசு வேலைக்கு மட்டும் பின்தங்கிய வகுப்பினருக்கு ஒதுக்கலாம் என்று பிரிவு 16(4) விதிவிலக்கு தருகிறது. கல்விக்கு அப்படி ஒரு விதிவிலக்கு எழுதப்படவில்லை. எழுதப்படாத ஒன்றை நாங்கள் எப்படி வாசிக்க முடியும் என்பதுதான் நீதிமன்றத்தின் நிலை.

தீர்ப்பை எதிர்த்துச் சென்னை மாகாணத்தில் பெரும் கொந்தளிப்பு. பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் பக்கத்து வாதமும் உரிமை பற்றியதுதான்: தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூட வாசலையே பார்க்க விடாமல் வைத்துவிட்டு, இப்போது எல்லோரும் சமம், மார்க்கைக் காட்டு என்றால் அது என்ன சமத்துவம்?

இரண்டு தரப்பும் சமத்துவம் என்ற ஒரே சொல்லைத்தான் பிடித்துக்கொண்டு நின்றன. இந்த முடிச்சை ஏற்கெனவே இருந்த வாசகங்களால் அவிழ்க்க முடியவில்லை. அதனால் வாசகத்தையே மாற்றினார்கள்.

ஒரே திருத்தம், இரண்டு கை

1951 ஜூன் 18-ல் முதல் திருத்தம் சட்டமானது. முதல் பொதுத்தேர்தல்கூட அப்போது நடந்து முடியவில்லை. அரசியலமைப்புச் சட்டத்துக்கு வயது ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை.

திருத்தத்தின் ஒரு கை கொடுத்தது. பிரிவு 15(4) என்று ஒரு புதிய உட்பிரிவு சேர்ந்தது. சமூக ரீதியாகவும் கல்வி ரீதியாகவும் பின்தங்கிய வகுப்பினருக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் அரசு சிறப்பு ஏற்பாடு செய்வதை பிரிவு 15-ம் 29(2)-ம் தடுக்காது என்றது அது. நம்ம கம்யூனிட்டி ரேங்க்கின் வேர் இதுதான்.

இன்னொரு கை எடுத்தது. இதுவும் சென்னையில் தொடங்கிய கதை. பம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரிப் பத்திரிகையை மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று சென்னை அரசு தடை செய்திருந்தது. ரொமேஷ் தாப்பர் வழக்குத் தொடுத்தார். 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. பொது ஒழுங்கு என்ற பெயரில் பேச்சைத் தடுக்க பிரிவு 19(2)-ல் இடமில்லை என்பது காரணம். உடனே முதல் திருத்தத்தில் அந்த இடத்தையும் உண்டாக்கினார்கள். பொது ஒழுங்கு, வெளிநாடுகளுடனான நட்புறவு, குற்றத்துக்குத் தூண்டுதல் ஆகிய மூன்றும் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களாகப் புதிதாகச் சேர்ந்தன. ஒரு நல்ல விஷயமும் கூடவே வந்தது. கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற சொல் சேர்ந்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துத்தான் இன்றுவரை நீதிமன்றங்கள் பல தடைகளைக் கேள்வி கேட்கின்றன.

அதே திருத்தம் ஒன்பதாவது அட்டவணை என்று ஒரு பெட்டகத்தையும் கட்டியது. நிலச் சீர்திருத்தச் சட்டங்களை அதற்குள் வைத்துவிட்டால், அடிப்படை உரிமையை மீறுகிறது என்று சொல்லி நீதிமன்றம் அதைத் தொட முடியாது. முதலில் உள்ளே போனவை 13 சட்டங்கள். இந்தப் பெட்டகம் கடைசியில் நம்ம சீட்டுக்கே திரும்பி வரும். ஞாபகம் வச்சுக்கோங்க.

திருத்தம் எப்படி நடக்கும்?

சாதாரணச் சட்டம் வேறு, அரசியலமைப்புத் திருத்தம் வேறு. சாதாரணச் சட்டத்துக்கு அன்று சபையில் வாக்களிப்பவர்களில் பாதிக்கு மேல் இருந்தால் போதும். திருத்தத்துக்கு பிரிவு 368 இரண்டு நிபந்தனை வைக்கிறது. சபையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரிக்க வேண்டும். வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் ஆதரிக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கணும். நம்ம ஆண்ட் கேட் மாதிரி.

மக்களவையில் 543 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் 360 பேர்தான் வந்து வாக்களிக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு 240. ஆனால் 240 பத்தாது. மொத்தத்தில் பாதிக்கு மேல் என்றால் 272 வேண்டும். 540 பேர் வந்தால் 272 பத்தாது; 360 வேண்டும். மாநிலங்களவையிலும் இதே கணக்கு தனியாகத் தேற வேண்டும். இரு சபைக்கும் கருத்து வேறுபாடு வந்தால் கூட்டுக் கூட்டம் போட்டு முடிக்கும் வழி இங்கே கிடையாது. கடைசியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல்.

சில விஷயங்களுக்கு இதோடு குறைந்தது பாதி மாநிலச் சட்டமன்றங்களின் சம்மதமும் வேண்டும். குடியரசுத் தலைவர் தேர்தல் முறை, உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள், மத்திய மாநில அதிகாரப் பட்டியல்கள் போன்றவை அந்த வகை.

இங்கேதான் ஒரு விஷயம் நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கும். அடிப்படை உரிமைகள் அந்தப் பட்டியலில் இல்லை. ஓர் உயர் நீதிமன்றத்தின் அமைப்பைத் தொட மாநிலங்களைக் கேட்க வேண்டும். ஆனால் உங்கள் பேச்சுரிமை வாசகத்தைத் தொட எந்த மாநிலத்தையும் கேட்க வேண்டியதில்லை. டெல்லியில் இரண்டு சபையிலும் எண்ணிக்கை இருந்தால் போதும்.

அப்படியென்றால் பெரும் பலத்தோடு ஒரு கட்சி வந்தால் என்ன ஆகும்?

13 நீதிபதிகள், 7-க்கு 6

இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் முதலில் சொன்ன பதில், நாடாளுமன்றம் எதையும் திருத்தலாம் என்பது. 1951-ல் சங்கரி பிரசாத் வழக்கில் முதல் திருத்தமே செல்லும் என்று தீர்ப்பானது. 1967-ல் கோலக்நாத் வழக்கில் நிலைமை தலைகீழ். 11 நீதிபதிகளில் 6 பேர், அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்றார்கள். நாடாளுமன்றம் விடுமா? 1971-ல் 24-வது திருத்தம் கொண்டு வந்து, எந்தப் பகுதியையும் திருத்தும் அதிகாரம் எனக்கு உண்டு என்று எழுதி வைத்தது.

இந்த இழுபறி முடிவுக்கு வந்தது கேரளத்தின் காசர்கோடு பக்கம் இருக்கும் எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி தொடுத்த வழக்கில். மடத்து நிலத்தைப் பாதித்த நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்து வந்த வழக்கு அது. 13 நீதிபதிகள், 68 நாள் வாதம். 1973 ஏப்ரல் 24-ல் தீர்ப்பு. 7-க்கு 6.

பெரும்பான்மை சொன்னதைச் சுருக்கினால் இப்படி வரும்: நாடாளுமன்றம் அரசியலமைப்பின் எந்தப் பிரிவையும் திருத்தலாம், அடிப்படை உரிமைகளையும் சேர்த்து. ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்க முடியாது. வீட்டைப் புதுப்பிக்கலாம், அறையை மாற்றலாம், சுவரை இடித்துக் கட்டலாம். பில்லரை எடுக்கக் கூடாது. சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பில்லர்கள் எவை என்று முழுப் பட்டியல் எதையும் நீதிமன்றம் எழுதி மூடவில்லை. ஜனநாயகம், மதச்சார்பின்மை, கூட்டாட்சி, அதிகாரப் பிரிவினை, நீதிமன்ற மறுஆய்வு, நியாயமான தேர்தல் என்று வழக்கு வழக்காகச் சேர்ந்துகொண்டே வந்தது. இதைக் குறை சொல்பவர்களும் உண்டு. தேர்ந்தெடுக்கப்படாத நீதிபதிகள், அரசியலமைப்பில் எங்கேயும் எழுதப்படாத ஒரு கோட்பாட்டை வைத்து, தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றத்தைத் தடுக்கலாமா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தீர்ப்பு வந்து மூன்று ஆண்டுக்குள் நடந்ததைப் பார்த்த பிறகு, பதிலும் கொஞ்சம் தெளிவாகிறது.

1976: ஒரு ஃபைனல் இயர் மாணவன்

1975 ஜூன் 12-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்றது. ஜூன் 25 இரவு எமர்ஜென்சி. உள்நாட்டுக் குழப்பம் என்பது சொல்லப்பட்ட காரணம். ஆகஸ்டில் 39-வது திருத்தம் வந்தது. பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் விசாரிக்கவே கூடாது என்றது. ஒரே ஒருவரின் ஒரே வழக்குக்காக அரசியலமைப்பையே வளைத்தது போல. அந்தப் பகுதியை உச்ச நீதிமன்றம் நவம்பரில் ரத்து செய்தது. ரத்து செய்யக் கையில் இருந்த ஆயுதம், இரண்டே வயதான அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு. (தேர்தல் செல்லும் என்று வேறு காரணங்களால் தீர்ப்பானது, அது தனி.)

ஆனால் குடிமக்களின் நிலைமை? பிரிவு 21, அதாவது உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்குமான உரிமை, திருத்தப்படவில்லை. புத்தகத்தில் அப்படியே இருந்தது. அதை அமல்படுத்தச் சொல்லி நீதிமன்றம் போகும் வழியைத்தான் குடியரசுத் தலைவரின் ஓர் ஆணை நிறுத்தி வைத்தது. உரிமை இருக்கு, ஆனா கேட்க முடியாது.

1976 மார்ச் 1. கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி, இன்றைய என்.ஐ.டி. ஃபைனல் இயர் மாணவர் ராஜனை போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கக்கயம் என்ற இடத்தில் இருந்த போலீஸ் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவேயில்லை. அப்பா ஈச்சர வாரியர், ஓய்வு பெற்ற இந்திப் பேராசிரியர். அதிகாரிகள், அமைச்சர்கள் என்று வாசல் வாசலாக ஏறி இறங்கினார். எங்கும் பதில் இல்லை.

சாதாரண நாளில் இதற்கு வழி உண்டு. ஆட்கொணர்வு மனு போட்டால், ஆளைக் கொண்டுவந்து நிறுத்து என்று நீதிமன்றம் உத்தரவிடும். ஆனால் அந்த ஏப்ரல் 28-ல் ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 4-க்கு 1 என்ற கணக்கில், எமர்ஜென்சி ஆணை இருக்கும்வரை அப்படிக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை என்றது. ஒரு போலீஸ்காரர் தனிப்பட்ட பகையால் ஒருவரைக் கொன்றுவிட்டால்கூட வழியில்லையா என்று விசாரணையில் நீதிபதி கன்னா கேட்டார். எமர்ஜென்சி இருக்கும்வரை இல்லை என்ற பொருளில்தான் அரசுத் தலைமை வழக்கறிஞர் பதில் சொன்னார். மாறுபட்டுத் தீர்ப்பு எழுதிய ஒரே நீதிபதி கன்னா. அடுத்த ஆண்டு தலைமை நீதிபதி பதவி, அவரைத் தாண்டி அவருக்கு ஜூனியரான ஒருவருக்குப் போனது. அவர் ராஜினாமா செய்தார்.

1977 மார்ச் 21-ல் எமர்ஜென்சி முடிந்தது. அந்த வாரமே ஈச்சர வாரியர் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். கைது செய்யவே இல்லை என்று முதலில் அரசு சாதித்தது. நீதிமன்றம் நம்பவில்லை. ராஜன் காவலில் இறந்துவிட்டதாகப் பிறகு ஒப்புக்கொண்டார்கள். எமர்ஜென்சியின்போது உள்துறை அமைச்சராக இருந்து, அப்போதுதான் முதலமைச்சர் ஆகியிருந்த கருணாகரன் பதவி விலகினார். உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

நம்மைப் போலவே ஃபைனல் இயர். அவ்வளவுதான் வித்தியாசம்: அந்த வருஷம் அவருக்காகக் கேட்கும் கதவு மூடியிருந்தது.

திருத்தத்தைத் திருத்திய திருத்தம்

எமர்ஜென்சிக்கு நடுவில், எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருக்கும்போது, 1976-ல் 42-வது திருத்தம் நிறைவேறியது. 59 பிரிவுகள். 'குட்டி அரசியலமைப்பு' என்று கிண்டலாகச் சொல்லும் அளவுக்குப் பெரியது. முகவுரையில் சோஷலிசம், மதச்சார்பின்மை என்ற சொற்கள் வந்தது இதில்தான். அடிப்படைக் கடமைகள் வந்ததும் இதில்தான். கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போனதும் இதில்தான். நுழைவுத்தேர்வு விவகாரம் வரும்போதெல்லாம் தமிழ்நாட்டில் இது பேசப்படுவது அதனால்தான். மக்களவையின் ஆயுள் 5-லிருந்து 6 ஆண்டானது. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தத் திருத்தத்தையும் எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்று பிரிவு 368-லேயே எழுதிவிட்டார்கள்.

1977 தேர்தலில் மக்கள் அந்த ஆட்சியை இறக்கினார்கள். அடுத்து வந்த ஜனதா ஆட்சியின் 44-வது திருத்தம், 1978, பல ஓட்டைகளை அடைத்தது. 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற சொல் போய் 'ஆயுதக் கிளர்ச்சி' வந்தது. அமைச்சரவை எழுத்து மூலம் பரிந்துரைத்தால்தான் எமர்ஜென்சி. முக்கியமாக, எமர்ஜென்சியிலும் பிரிவு 20, 21 ஆகியவற்றை அமல்படுத்தக் கோரும் உரிமையை நிறுத்தி வைக்க முடியாது. ராஜனின் அப்பாவுக்கு 1976-ல் மூடியிருந்த கதவு இனி மூடாதபடி அடைப்புக்கட்டை வைத்தது இந்த வரிதான்.

அதே 44-வது திருத்தம் ஓர் அடிப்படை உரிமையை நீக்கவும் செய்தது. சொத்துரிமை. இப்போது அது பிரிவு 300ஏ-யில் வெறும் சட்ட உரிமை. ஆக, நல்ல திருத்தம், கெட்ட திருத்தம் என்று முழுசாகப் பிரித்து வைக்க முடியாது. ஒவ்வொரு வரியாகத்தான் பார்க்கணும்.

திருத்தத்தைக் கேள்வி கேட்க முடியாது என்ற வரியை 1980-ல் மினர்வா மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அங்கே சொன்ன தர்க்கம் ரொம்ப அழகு: திருத்தும் அதிகாரம் எல்லைக்கு உட்பட்டது, அந்த எல்லைக்குட்பட்ட அதிகாரத்தைப் பயன்படுத்தியே எல்லையை நீக்கிக்கொள்ள முடியாது. சாதாரண யூசர் லாகினில் நுழைந்து தனக்குத்தானே அட்மின் பவர் கொடுத்துக்கொள்ள முடியாது என்பது மாதிரி.

திரும்பவும் நம்ம சீட்டுக்கு

இப்போது அந்தப் பெட்டகத்துக்கு வருவோம். 1992-ல் மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இட ஒதுக்கீட்டுக்கு 50% என்று உச்சவரம்பு வைத்தது. தமிழ்நாட்டில் இருந்தது 69%. தமிழ்நாடு 1993-ல் சட்டமன்றத்தில் தனிச் சட்டம் போட்டது. அதை 1994-ல் 76-வது திருத்தத்தின் மூலம் ஒன்பதாவது அட்டவணைக்குள் வைத்தார்கள். நம்ம கவுன்சலிங்கில் பொதுப் பிரிவு 31% என்று இருப்பதன் பின்கதை இதுதான்.

ஆனால் பெட்டகம் இப்போது முன்போல் இல்லை. நீலகிரி மாவட்டம் கூடலூரின் ஜன்மம் நிலங்கள் பற்றிய தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்றில் தொடங்கிய வழக்கு, 9 நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. 2007 ஜனவரியில் தீர்ப்பு. கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு உள்ளே வைத்த எந்தச் சட்டத்தையும் அடிப்படைக் கட்டமைப்பை வைத்துச் சோதிக்கலாம் என்றது நீதிமன்றம். 69% சட்டம் உள்ளே போனது அதற்குப் பிறகுதான். எனவே பூட்டு இருக்கிறது, ஆனால் சாவி நீதிமன்றத்திடமும் ஒன்று இருக்கிறது.

தனியார் கல்லூரிகளின் கதை இன்னொன்று. அரசு உதவி பெறாத தனியார் கல்லூரிகள் மீது அரசு தன் இட ஒதுக்கீட்டைத் திணிக்க முடியாது என்று 2005 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சில மாதங்களில் 93-வது திருத்தம் வந்து பிரிவு 15(5)-ஐச் சேர்த்தது. சிறுபான்மை நிறுவனங்களைத் தவிர மற்ற தனியார் நிறுவனங்களிலும் அதற்கு வழி திறந்தது. 2014-ல் அது செல்லும் என்று தீர்ப்பானது. பிறகு 2019-ல் 103-வது திருத்தம்: பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10%. ஏற்கெனவே ஒதுக்கீடு பெறும் எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவுகளின் ஏழைகள் அதில் வரமாட்டார்கள். 2022 நவம்பரில் 3-க்கு 2 என்ற கணக்கில் அது தப்பித்தது. ஒரே ஒரு நீதிபதி மாறி யோசித்திருந்தால் முடிவு மாறியிருக்கும்.

1951, 1994, 2005, 2019. நீதிமன்றம் ஒன்று சொல்கிறது, நாடாளுமன்றம் திருத்துகிறது, நீதிமன்றம் திருத்தத்தைச் சோதிக்கிறது. அந்தக் கம்யூனிட்டி ரேங்க் என்ற எண்ணுக்குள் 70 வருஷத்துக்கு மேலான இந்தப் போக்குவரத்து இருக்கு.

அப்போ பாதுகாப்பு எங்கே?

2023 வரை நம் அரசியலமைப்பு 106 முறை திருத்தப்பட்டிருக்கிறது. அதில் நமக்கு வந்தவை நிறைய. 86-வது திருத்தம், 2002, 6 முதல் 14 வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. 61-வது திருத்தம் வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18 ஆக்கியது. 1989 மார்ச் முதல் நடைமுறை. அது வராமல் இருந்திருந்தால் இன்ஜினியரிங் முடிக்கும் வரைக்கும் நம்மில் பலருக்கு ஓட்டே இருந்திருக்காது. திருத்தமே இல்லாமல் வந்த உரிமையும் உண்டு. 2017-ல் 9 நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்க உரிமை பிரிவு 21-க்குள் ஏற்கெனவே இருக்கிறது என்றார்கள். ஏ.டி.எம். ஜபல்பூர் தீர்ப்பு தவறு என்று வெளிப்படையாகச் சொல்லி நீக்கியதும் அதே தீர்ப்புதான். 1976-ல் பெரும்பான்மை பக்கம் இருந்தவர்களில் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட். 2017-ல் அதைத் தவறு என்று எழுதியவர் அவர் மகன் டி.ஒய். சந்திரசூட்.

இவ்வளவையும் வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரிகிறது. எந்த ஒரு காவலும் தனியாகப் போதுமானதாக இருந்ததில்லை. மூன்றில் இரண்டு பங்கு என்ற நிபந்தனை 42-வது திருத்தத்தைத் தடுக்கவில்லை. உச்ச நீதிமன்றம் 39-வது திருத்தத்தைத் தடுத்தது; ஆனால் ஆறு மாதத்தில் ஏ.டி.எம். ஜபல்பூரில் கைவிட்டது. அந்தக் கையைத் திரும்பப் பிடித்து நிறுத்தியது 1977-ல் ஓட்டுப் போட்ட மக்கள். செண்பகம் வழக்கில் நீதிமன்றம் எழுத்தைப் பார்த்துச் சொன்னதை மாற்ற வைத்ததும் தெருவில் நின்ற மக்கள்தான். அதே மக்களின் பெயரைச் சொல்லித்தான் எமர்ஜென்சியும் வந்தது. ஆகவே ஒன்று தூங்கும்போது இன்னொன்று விழித்திருக்க வேண்டும் என்பதுதான் இந்த டிசைன்.

அதனால் அடுத்த முறை ஏதோ ஒரு திருத்த மசோதா என்று நியூஸில் ஓடினால், ஆதரவா எதிர்ப்பா என்று கமென்ட் போடும் முன் நாலு கேள்வி கேட்டுப் பாருங்க. எந்தப் பிரிவின் எந்த வரி மாறுகிறது? யாருக்குப் புதிதாக ஒன்று கிடைக்கிறது, யாரிடமிருந்து ஒன்று போகிறது? நீதிமன்றம் போகும் வழி திறந்தே இருக்கிறதா? மாநிலங்களின் சம்மதம் தேவையா, இல்லையா? மசோதாவின் வாசகம் நாடாளுமன்ற இணையதளத்திலேயே கிடைக்கும். பெரும்பாலும் சில பக்கங்கள்தான். செமஸ்டருக்கு முந்தைய நாள் நாம் படித்து முடிக்கும் யூனிட்டைவிட ரொம்பச் சின்னது.